ஆல்-இன்-ஒன் பிரிண்டர்ல ஸ்கேனும் பிரிண்ட்டும் கோணலா வருதா? வீட்லயே பாக்கறதா, சர்வீஸ் குடுக்கறதா, புதுசு வாங்கறதா

அட்மிஷன் சீசன் ஆரம்பிச்சா போதும், இந்த கேள்வி வரிசையா வந்துடும். "எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது", "மார்க்‌ஷீட் ஸ்கேன் பண்ணா நடுவுல ஒரு கோடு ஓடுது", "ஜெராக்ஸ் எடுத்தா ஒரு ஓரம் மட்டும் மங்கல்", "கலர் போட்டோவுல பட்டை பட்டையா வெள்ளைக்கோடு". எப்படி ஆரம்பிச்சாலும் எல்லாரும் வந்து நிக்கற இடம் ஒண்ணுதான், இதுக்கு மேல இதுல காசு போடலாமா, கடையில குடுக்கலாமா, இல்ல புதுசே வாங்கிடலாமா?

எந்த பாகம் கெட்டிருக்கு, மாசம் எத்தனை பக்கம் எடுக்கறீங்க, இந்த ரெண்டும் தெரிஞ்சா பாதி முடிவு ஆயிடும். இது தெரியாம மெஷின தூக்கிட்டு கடைக்கு போனா கடைக்காரர் சொல்றதுதான் முடிவு, அவர் நல்லவரா இருந்தாலும் அவருக்கு உங்க வீட்ல மாசம் எத்தனை பக்கம் ஓடுதுன்னு தெரியாது இல்லையா.

## எதை எதை வச்சு பாக்கணும்

முதல் விஷயம், கோளாறு ஸ்கேனர்லயா, பிரிண்ட் ஹெட்லயா (பேப்பர் மேல இன்க்க தெளிக்கற பாகம், சுருக்கமா ஹெட்), பேப்பர் போற பாதையிலயா, இல்ல கம்ப்யூட்டர்லயா. கம்ப்யூட்டர்ல இருந்தா செலவே இல்ல, ஆனா அதை கடைசியிலதான் எல்லாரும் பாக்கறாங்க.

ரெண்டாவது, உங்க மெஷின்ல ஹெட் எங்க இருக்கு. ஹெச்பி 680, 803 மாதிரி காட்ரிட்ஜ் போடற மாடல்ல ஹெட் காட்ரிட்ஜோடயே வருது, காட்ரிட்ஜ மாத்தினா ஹெட்டும் புதுசு. கேனான் ஜி சீரிஸ், ஹெச்பி இன்க் டேங்க் மாடல்கள்ல ஹெட் நாமளே கழட்டி மாத்தற மாதிரி தனியா இருக்கு. எப்சன் எல் சீரிஸ்ல ஹெட் மெஷினோட நிரந்தரமா இருக்கறது, மெக்கானிக்தான் கழட்டணும், விலையும் ஜாஸ்தி. ஒரே அடைப்பு மூணு மெஷின்ல மூணு விதமான செலவு வைக்கும்.

மூணாவது மாசத்துக்கு எத்தனை பக்கம், அதுல கலர் எவ்வளவு. இதோட வாரன்டி பாக்கி இருக்கா, எவ்வளவு அவசரம், இந்த ரெண்டையும் சேர்த்துக்கோங்க. வாரன்டியில பல மாடலுக்கு ஒரு வருஷம்ங்கறதோட ஒரு பக்கக்கணக்கும் உண்டு, எது முதல்ல முடியுதோ அதோட வாரன்டி முடியும், அதனால பில் தேதிய மட்டும் பாத்துட்டு இருக்காதீங்க.

## முடிவெடுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷ டெஸ்ட்

ஆல்-இன்-ஒன்னுங்கறது ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு மெஷின், மேல ஸ்கேனர், கீழ பிரிண்டர். அதை பிரிச்சு பாக்கறதுதான் டெஸ்ட்.

யூஎஸ்பி கேபிள கழட்டிடுங்க, வைஃபையும் வேண்டாம். மெஷின்ல இருக்கற பட்டன வச்சே நாசில் செக் பேட்டர்ன் எடுங்க, ஹெட்ல இருக்கற சின்ன ஓட்டையெல்லாம் இன்க் விடுதான்னு காட்டற கோட்டு டிசைன் அது (எந்த பட்டன எவ்வளவு நேரம் அமுக்கணும்னு மேனுவல்ல இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும்). கம்ப்யூட்டர், ஸ்கேனர் ரெண்டும் இதுல சம்பந்தப்படாது. கோடுகள் நடுநடுவுல விட்டுப்போயிருந்தா ஹெட்ல அடைப்பு இல்லன்னா இன்க் வர்ற டியூப்ல காத்து. கோடெல்லாம் முழுசா இருந்து, ஆனா நெளிஞ்சோ ரெட்டையாவோ இருந்தா அது அடைப்பு இல்ல, அலைன்மென்ட் (ஹெட் அடிக்கற இடத்தோட ஒழுங்கு) போயிருக்கு அல்லது என்கோடர் ஸ்ட்ரிப் (ஹெட் எங்க நிக்குதுன்னு காட்டற பட்டை) அழுக்கு. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டுதான் நிறைய பேர் ரெட்டை எழுத்துக்கு ஹெட் கிளீனிங் போட்டு போட்டு இன்க்க காலி பண்றாங்க, கிளீனிங்னால அலைன்மென்ட் ஒருநாளும் சரியாகாது.

அடுத்து ஒரு பேப்பர ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்லயோ போன்லயோ பெருசாக்கி பாருங்க. ஸ்கிரீன்லயே கோடு இருக்குன்னா ஸ்கேனர். ஸ்கிரீன்ல சுத்தமா இருந்து பேப்பர்ல மட்டும் கெட்டிருந்தா பிரிண்டர். பட்டன் அமுக்கி எடுக்கற காப்பி நல்லா இருக்கு, கம்ப்யூட்டர்ல இருந்து குடுத்தா மட்டும் கோணலா வருதுன்னா மெஷின்ல தப்பே இல்ல. டிரைவர் (பிரிண்டர ஓட்ட கம்ப்யூட்டர்ல இருக்கற சாஃப்ட்வேர்), பேப்பர் சைஸ், இல்லன்னா அந்த ஃபைல்.

பேப்பர் சைஸ் விஷயம் ரொம்ப சாதாரணமா நடக்கறது. ஏ4 பேப்பர் 210 x 297 மில்லிமீட்டர், லெட்டர் சைஸ் 216 x 279. டிரைவர் லெட்டர்ல நிக்குது, டிரேல ஏ4 இருக்குன்னா மார்ஜின் மாறும், ஓரம் வெட்டுப்படும், "ஃபிட் டு பேஜ்" ஆன்ல இருந்தா அளவும் சுருங்கும். இதுக்கு சர்வீஸ் வேண்டாம், ஒரு கிளிக் போதும்.

தமிழ்ல டைப் பண்ணி பிரிண்ட் எடுக்கறவங்களுக்கு இன்னொண்ணு. எழுத்து உடைஞ்சு வருது, கொம்பும் காலும் தனித்தனியா நிக்குது, கட்டம் கட்டமா விழுது, இல்ல தமிழுக்கு பதிலா இங்கிலீஷ் எழுத்தா கொட்டுதுன்னா அது பிரிண்டர் இல்ல. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருல அடிச்ச ஃபைல அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா இப்படித்தான் ஆகும். பிடிஎஃப் ஆக்கும்போது ஃபான்ட்ட உள்ளயே சேர்த்துடணும். ஸ்கிரீன்ல சரியா தெரிஞ்சு பிரிண்ட்ல மட்டும் உடைஞ்சா அடோபி ரீடர்ல பிரிண்ட் குடுக்கும்போது அட்வான்ஸ்டுக்குள்ள போய் "பிரிண்ட் ஆஸ் இமேஜ்" டிக் பண்ணுங்க, அதோட முடிஞ்சுது.

## 1. வீட்லயே சரி பண்றது

டெஸ்ட்ல வந்தது தூசு, அலைன்மென்ட், லேசான அடைப்பு, இதுல ஏதாவது ஒண்ணுன்னா யோசிக்கவே வேண்டாம், இந்த வழிதான். கடையில குடுத்தாலும் முதல்ல இதைத்தான் பண்ணுவாங்க.

ஹெட் கிளீனிங். ரெண்டு தடவை, மிஞ்சிப்போனா மூணு தடவை போடுங்க, ஒவ்வொரு தடவையும் நாசில் செக் எடுத்து முன்னாடி எடுத்ததோட வச்சு பாருங்க. முன்னேற்றம் இல்லன்னா நிறுத்திட்டு குறைஞ்சது 12 மணி நேரம் சும்மா விடுங்க. அந்த நேரத்துல காஞ்ச இன்க் ஊறும், காத்துக்குமிழ் மேல ஏறும், மறுநாள் காலைல தானா சரியாகறது நிறைய நடக்குது. அப்புறமும் சரியாகலன்னா பவர் கிளீனிங் இல்லன்னா டீப் கிளீனிங், ஆனா அதுக்கு முன்னாடி டேங்க் எல்லாத்துலயும் மூணுல ஒரு பங்காவது இன்க் இருக்கணும், கம்மியா இருக்கும்போது போட்டா டியூப்ல காத்து இழுத்து மெஷின் இன்னும் மோசமாகும்.

மறைஞ்சிருக்கற செலவு இங்கதான் இருக்கு. கிளீனிங் பண்ற இன்க் ஆவியாகி போறதில்ல, மெஷினுக்கு அடியில இருக்கற வேஸ்ட் இன்க் பேட்ல போய் தங்குது. மெஷின் அதை எண்ணிக்கிட்டே இருக்கும், ஒரு அளவு வந்ததும் எரர் காட்டி மொத்தமா நின்னுடும். பழைய கேனான் ஜி சீரிஸ்ல வர்ற 5பி00 எரர் இதுதான், எப்சன்ல "இன்க் பேட் ஆயுள் முடிஞ்சுது"ன்னு மெசேஜ் வரும். அடைப்ப எடுக்கறேன்னு இருபது தடவை கிளீனிங் போட்டவங்க கடைசியில பேட் மாத்த செலவு பண்ற மாதிரி ஆகுது.

அலைன்மென்ட்டும் என்கோடர் ஸ்ட்ரிப்பும். இன்க்ஜெட் போகும்போதும் அடிக்கும், வரும்போதும் அடிக்கும். ரெண்டு ஓட்டமும் ஒரே இடத்துல விழலன்னா எழுத்து ரெட்டையா தெரியும், டேபிள்ல நேர்கோடு ரம்பம் மாதிரி படிப்படியா இருக்கும். டிரைவர்ல பைடைரக்‌ஷனல் அல்லது ஹை ஸ்பீடுன்னு இருக்கறத ஆஃப் பண்ணி ஒரு பக்கம் எடுங்க, அது நேரா வந்தா சந்தேகமே இல்ல, அலைன்மென்ட் போட்டா போதும். நாளைக்கு காலைல பேப்பர் குடுக்கணும்னா அந்த ஆப்ஷன ஆஃப்லயே வச்சு ஓட்டிக்கலாம், மெதுவா வரும், அவ்வளவுதான்.

அலைன்மென்ட் போட்டும் சரியாகல, ஹெட் ஒரு ஓரத்துல போய் டக்குனு இடிக்குதுன்னா கேரேஜ் (ஹெட்ட சுமந்துட்டு போற பகுதி) ஓடற பாதைக்கு பின்னாடி பாருங்க. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் மெல்லிசா, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை இழுத்து கட்டியிருக்கும். அதுல கண்ணுக்கு தெரியாத சைஸ்ல கோடுகள் இருக்கு, அதை எண்ணித்தான் ஹெட் தான் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுக்குது. அதுமேல ஒரு சொட்டு இன்க்கோ கிரீஸோ பட்டா எண்ணிக்கை தப்பும், எழுத்து நசுங்கும். பிளக்க எடுத்துட்டு, பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்ல மூக்குக்கண்ணாடி துடைக்கற துணிய லேசா நனைச்சு மெதுவா துடைங்க, இழுக்கக்கூடாது, தின்னர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம், அந்த கோடே அழிஞ்சு போக வாய்ப்பு இருக்கு. பக்கத்துல இருக்கற ராடுல கிரீஸ் இருக்கும், துணி அதுமேல பட்டுட்டு மறுபடி பட்டையில படாம பாத்துக்கோங்க.

ஸ்கேனர் பக்கம். மேல பேப்பர் அடுக்கி விடற ஃபீடர் இருக்கற மாடல்ல, ஃபீடர் வழியா போனா மட்டும் நெடுக ஒரு கோடு வருது, கண்ணாடியில வச்சா வரலன்னா பெரிய கண்ணாடிய துடைச்சு பிரயோஜனம் இல்ல. அதுக்கு இடதுபக்கம் விரல் அகலத்துக்கு ஒரு சின்ன கண்ணாடிப்பட்டை இருக்கும், ஃபீடர்ல பேப்பர் அதுமேலதான் ஓடுது, அங்க ஒயிட்னர் பொட்டோ பசையோ ஒட்டியிருக்கும். பேப்பர் நகர நகர அந்த ஒரே பொட்டு முழு நீளத்துக்கும் கோடா இழுபடும். நகத்தால சுரண்டாம ஈரத்துணியால ஊற வச்சு எடுங்க. கிளீனர கண்ணாடி மேல நேரா அடிக்காதீங்க, ஓரத்துல உள்ள இறங்கிடும்.

இப்போ வர்ற வீட்டு மெஷின்கள்ல பெரும்பாலும் சிஐஎஸ் சென்சார்தான், கண்ணாடியோட ஒட்டி இருக்கறத மட்டும்தான் கூர்மையா எடுக்கும். தடிமனான புக்க விரிச்சு வச்சா நடுமடிப்பு கறுப்பா மங்கலா வளைஞ்சு வரும், அது ரிப்பேர் இல்ல, அந்த சென்சாரோட இயல்பு. நியூஸ்பேப்பர், மேகசின் போட்டோவுல அலை அலையா டிசைன் வந்தா ஸ்கேன் சாஃப்ட்வேர்ல டீஸ்கிரீன் ஆன் பண்ணுங்க. ரொம்ப ஹை ரெசல்யூஷன்ல நின்னு நின்னு ஸ்கேன் ஆகி அங்கங்க எழுத்து தட்டுப்பட்டா 300 டிபிஐக்கு இறக்குங்க, டாக்குமென்ட்டுக்கு 300 தாராளம், போட்டோவுக்கு 600.

இதுல ஒரு எச்சரிக்கை. எழுத்து நெளிஞ்சா கண்ணுல படும், நம்பரே மாறினா படாது. 2013ல டேவிட் கிரீசல்ங்கற ஜெர்மன் கம்ப்யூட்டர் நிபுணர், ஜெராக்ஸ் கம்பெனியோட வொர்க்சென்டர் மெஷின்கள் ஸ்கேன் பண்ற கட்டிட வரைபடத்துல எண்கள மாத்திப்போடறத கண்டுபிடிச்சார், 6 இருந்த இடத்துல 8 வந்துச்சு. ஃபைல் சைஸ குறைக்கற ஜேபிக்2 கம்ப்ரெஷன், ஒண்ணுபோல இருக்கற எழுத்துக்கெல்லாம் ஒரே படத்த போட்டதுதான் காரணம், கம்பெனி அப்புறம் பேட்ச் விட்டாங்க. அது ஆபீஸ் மெஷின், ஆனா பத்திரம், மார்க்‌ஷீட், பேங்க் பேப்பர்னு வந்தா வீட்டு மெஷின்லயும் கம்ப்ரெஷன கம்மியா வச்சு எடுத்துட்டு நம்பர ஒருதடவை ஒரிஜினலோட ஒத்துப்பாருங்க. அப்லோட் சைஸுக்கு குறைக்கறது அப்புறம் தனியா பண்ணிக்கலாம்.

இந்த வழிய எங்க நிறுத்தணும்? ஸ்கேன்ல கலர் கோடுகள் வருது, பாதி பக்கம் கறுப்பு, ஸ்கேனர் நகரும்போது கர்ர்னு பல் தட்டற சத்தம், இதெல்லாம் ரிப்பன் கேபிள், சென்சார், பெல்ட் சமாசாரம். மேல்மூடிய கழட்டினா அந்த ரிப்பன் கேபிள் கிழியறது சுலபம், பழக்கம் இல்லாதவங்க ஸ்க்ரூ டிரைவர கீழ வச்சிடுங்க.

## 2. கம்பெனி சர்வீஸ்

வாரன்டி இருக்கா, வேற எதையும் யோசிக்காம இங்க போங்க, வீட்ல ஸ்க்ரூ கழட்டறதுக்கு முன்னாடியே. வெளி இன்க் ஊத்தியிருந்தா, அதனாலதான் ஹெட் போச்சுன்னு வாரன்டிய மறுக்க இடம் இருக்கு, அதையும் தெரிஞ்சுக்கிட்டு போங்க.

வாரன்டி முடிஞ்சிருந்தா கணக்கு வேற. கம்பெனி சென்டர்ல பார்ட்ட பிரிச்சு ரிப்பேர் பண்ற வழக்கம் கம்மி, ஸ்கேனர்ல பெல்ட் போனா பல சமயம் முழு ஸ்கேனர் யூனிட்டுக்குத்தான் எஸ்டிமேட் வரும். நிரந்தர ஹெட் உள்ள மெஷின்ல ஹெட் மாத்தறதுக்கு வர்ற எஸ்டிமேட், மெஷின் விலையில பாதிய தாண்டினா நான் வேண்டாம்னுதான் சொல்வேன், ஏன்னா மிச்ச பாகமெல்லாம் அதே வயசுதான். ஆனா ஒரு நல்லது இருக்கு, பார்ட் ஒரிஜினல், பில் குடுப்பாங்க, பேட் மாத்தினேன்னு சொன்னா நிஜமா மாத்தியிருப்பாங்க.

மறைஞ்ச செலவு, பாக்கறதுக்கே ஒரு சார்ஜ், ரிப்பேர் வேண்டாம்னு சொன்னாலும் அது போனதுதான். தாலுகா ஊர்ல இருக்கறவங்களுக்கு மெஷின பஸ்ல தூக்கிட்டு மாவட்ட தலைநகருக்கு போற பாடு வேற, இன்க் டேங்க்க சாய்ச்சா உள்ள கொட்டும், டியூப்ல காத்து ஏறும், ஒரு கோளாறுக்கு போய் ரெண்டு கோளாறோட திரும்பறது இப்படித்தான்.

## 3. பக்கத்துல இருக்கற சர்வீஸ் கடை

சென்னைல ரிச்சி தெரு, மத்த ஊர்ல கம்ப்யூட்டர் கடை பக்கத்துல ஒரு சின்ன பெஞ்ச். கம்பெனியில முழு யூனிட் மாத்தணும்னு சொன்னத இவங்க ஒரு ரிப்பன் கேபிள், ஒரு பல்சக்கரம், ஒரு ரோலர்னு முடிச்சு குடுப்பாங்க, பழைய மெஷின்ல இருந்து கழட்டின பார்ட்டும் கைவசம் இருக்கும். வாரன்டி முடிஞ்சு, மெக்கானிக்கல் கோளாறா இருக்கற மெஷினுக்கு இதைவிட நல்ல வழி எனக்கு தெரியல. பேப்பர் கோணலா இழுக்குது, ரெண்டு மூணா இழுக்குது, ஸ்கேனர் தட்டுது, இதெல்லாம் இவங்க கைல சுலபமா அடங்கும்.

கவனிக்க வேண்டியது வேஸ்ட் பேட் விஷயத்துல. பேட் நிறைஞ்சு எரர் வந்த மெஷின சாஃப்ட்வேர்ல ரீசெட் மட்டும் பண்ணி குடுத்துடற கடைகள் உண்டு. மெஷின் ஓடும், கவுண்டர் சைபர்ல இருந்து எண்ணும், ஆனா பேட் நிறைஞ்சே இருக்கு, கொஞ்ச மாசத்துல அடியில இருந்து இன்க் ஒழுகி மேஜை, பேப்பர், சில சமயம் போர்டு வரைக்கும் போகும். அதனால "ரீசெட் மட்டுமா, பேட்டும் மாத்துவீங்களா"ன்னு கேளுங்க, பழைய பேட்ட காட்ட சொல்லுங்க. இன்டர்நெட்ல ஓசியா கிடைக்கற ரீசெட்டர இறக்கி நீங்களே பண்றது இன்னும் ஆபத்து, அதோட வைரஸும் சேர்ந்து வர்றது ரொம்ப சாதாரணம்.

அடைப்புக்கு சிலர் ஹெட்ட கெமிக்கல்ல ஃபிளஷ் பண்றாங்க. கழட்டற ஹெட்டா இருந்தா முயற்சி பண்ணலாம், வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே "சரியாகலன்னா எவ்வளவு"ன்னு பேசிக்கோங்க.

## 4. ஹெட்டோ காட்ரிட்ஜோ மட்டும் மாத்தறது

காட்ரிட்ஜ் மெஷின் வச்சிருக்கறவங்க முதல்ல இதைத்தான் நினைக்கணும், ஆனா ரீஃபில் பண்ணி பண்ணி ஓட்டின காட்ரிட்ஜ வச்சுக்கிட்டு மெஷின் கெட்டுப்போச்சுன்னு நிறைய பேர் முடிவு பண்ணிடறாங்க. அந்த காட்ரிட்ஜோட ஹெட் ரொம்ப நாளைக்கு செஞ்சது இல்ல. புதுசு ஒண்ணு போட்டு பாத்தா போதும். கேனான் ஜி சீரிஸ், ஹெச்பி டேங்க்ல கறுப்புக்கு ஒண்ணு கலருக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஹெட், நாசில் செக்ல எது போயிருக்கோ அதை மட்டும் வாங்கினா போதும், ஜோடியா வாங்க சொன்னா பேட்டர்ன காட்டுங்க.

நாசில் செக் சுத்தமா இருந்து எழுத்து மட்டும் ரெட்டையா இருந்தா ஹெட் வாங்கவே வாங்காதீங்க, என்கோடர் ஸ்ட்ரிப் அழுக்கா இருக்கற மெஷின்ல புது ஹெட்டும் அதே ரெட்டை எழுத்தத்தான் அடிக்கும்.

## 5. கெட்ட பாதிய விட்டுட்டு நல்ல பாதிய ஓட்டறது

இதை யாருமே ஒரு வழியா நினைக்கறதில்ல, எனக்கு ரொம்ப பிடிச்ச வழி இது. ஸ்கேனர் மட்டும் போயிருக்கு, பிரிண்ட் பிரமாதமா வருதுன்னா போன்ல கூகுள் டிரைவ்லயே ஸ்கேன் வசதி இருக்கு, ஐபோன்ல நோட்ஸ்ல இருக்கு. ஜன்னல் பக்கத்துல, பேப்பர சமமா வச்சு, போன கிட்டக்க கொண்டுபோகாம கொஞ்சம் மேல இருந்து எடுத்து அப்புறம் கிராப் பண்ணா ஓரம் வளையாது. ஆதார், ரேஷன் கார்டு, ஸ்கூல் சர்க்குலர் இதுக்கெல்லாம் தாராளமா போதும். பழைய குடும்ப போட்டோ, கையெழுத்து பிரதி, அளவு மாறக்கூடாத டிராயிங், இதுக்கு போன் வேண்டாம்.

பிரிண்டர் போய் ஸ்கேனர் நல்லா இருந்தா? அப்பவும் வச்சுக்கலாம், பிரிண்ட்ட தெருமுனை ஜெராக்ஸ் கடையில எடுத்துக்கலாம். ஆனா ஒரு சிக்கல், பேட் எரர், காட்ரிட்ஜ் எரர்ல நிக்கற சில மெஷின் ஸ்கேன் பண்ணவும் விடாது, மொத்தமா பூட்டிக்கும். உங்களோடது விடுதான்னு முதல்ல பாத்துக்கோங்க.

## 6. புதுசு வாங்கறது

ரெண்டு பாதியும் போயிருந்தா, இல்ல எஸ்டிமேட் பாதி விலைக்கு மேல இருந்தா வாங்கிடலாம். ஆனா அதே ரக மெஷின மறுபடி வாங்கறதுக்கு முன்னாடி பழசு ஏன் கெட்டுச்சுன்னு யோசிங்க, வீட்டு பிரிண்டர்ல முக்காவாசி அடைப்பு ஓட்டாம போட்டு வச்சதால வர்றதுதான்.

இன்க் டேங்க்க பத்தி எல்லாரும் பக்கத்துக்கு எவ்வளவு பைசான்னு மட்டும் பேசறாங்க. எப்சன் 003 கறுப்பு பாட்டில் ஒண்ணுக்கு கம்பெனி சொல்ற கணக்கு 4500 பக்கம். மாசம் 20 பக்கம் எடுக்கற வீட்டுக்கு அது காகிதத்துல 18 வருஷத்துக்கு மேல வரும், நிஜத்துல அவ்வளவு வருஷம் அந்த இன்க்கும் இருக்காது, மெஷினும் இருக்காது, பாதி இன்க் கிளீனிங்லயே போய் பேட்ட நிறைக்கும். மாசம் 150, 200 பக்கம், அதுல கலரும் சேர்த்து எடுக்கற வீட்டுக்கு, டியூஷன் எடுக்கறவங்களுக்கு, ஸ்கூல் பிள்ளைங்க ரெண்டு மூணு பேர் இருக்கற வீட்டுக்கு டேங்க்க மிஞ்ச ஒண்ணும் இல்ல. மாசம் 20 பக்கத்துக்கு அது தப்பான மெஷின், யார் எவ்வளவு சிபாரிசு பண்ணாலும் சரி.

காட்ரிட்ஜ் மெஷின் விலை கம்மி, பக்க செலவு அதிகம், ஹெச்பி 680 கறுப்பு 480 பக்கம்தான், கலர் 150. ஆனா ஹெட் ஒவ்வொரு தடவையும் புதுசுங்கறதால அடைப்ப பத்தி பயம் இல்ல. எப்பவாவது கலர் வேணும்னு நினைக்கற வீட்டுக்கு இது ஓகே.

கறுப்பு வெள்ளை மட்டும், எப்ப வேணா எடுப்போம், மூணு மாசம் தொடவே மாட்டோம்னா லேசர் மல்டிஃபங்க்‌ஷன். டோனர் பவுடர், காயறதுக்கு எதுவும் இல்ல. ஹெச்பி 88ஏ டோனர் 1500 பக்கம் வரும். வாங்கற விலை டேங்க்க விட கூடலாம், கலர் கிடையாது, பிரிண்ட் ஆகும்போது சில நூறு வாட் இழுக்கறதால சின்ன யூபிஎஸ்ல மாட்டக்கூடாது. அதுலயும் கோளாறு வரும், ஒரே கறை சமமான இடைவெளியில திரும்பத்திரும்ப விழுந்தா பல சமயம் டிரம்ல (டோனர பேப்பருக்கு கொண்டுபோற உருளை) கீறல்னு அர்த்தம், அது பெரும்பாலும் டோனர் காட்ரிட்ஜோடயே மாறிடும்.

## ஒரே பார்வையில

| வழி | எப்போ இதுதான் சரி | மறைஞ்சிருக்கற செலவு | எப்போ வேண்டாம் |
|---|---|---|---|
| வீட்லயே | தூசு, அலைன்மென்ட், லேசான அடைப்பு, ஃபான்ட், பேப்பர் சைஸ் | கிளீனிங்ல போற இன்க், நிறையற வேஸ்ட் பேட் | வாரன்டி இருந்து ஸ்க்ரூ கழட்டணும்னா |
| கம்பெனி சர்வீஸ் | வாரன்டிக்குள்ள எதுவானாலும் | செக்கிங் சார்ஜ், தூக்கிட்டு போற அலைச்சல் | எஸ்டிமேட் பாதி விலைய தாண்டினா |
| பக்கத்து கடை | வாரன்டி முடிஞ்ச மெக்கானிக்கல் கோளாறு | ரீசெட் மட்டும் பண்ணி விட்ட பேட் | வாரன்டி பாக்கி இருந்தா |
| ஹெட், காட்ரிட்ஜ் மாத்தறது | நாசில் செக்ல ஒரு கலர் தொடர்ந்து விட்டுப்போனா | ஒண்ணு போதும்ங்கற இடத்துல ஜோடி வாங்கறது | கோடு முழுசா இருந்து எழுத்து மட்டும் ரெட்டையா இருந்தா |
| பாதி மெஷின் | ஒரு பக்கம் மட்டும் போயிருந்தா | அப்பப்போ கடைக்கு நடக்கறது | வீட்லயிருந்து தினமும் வேலை செய்யறவங்க |
| புதுசு | ரெண்டு பாதியும் போனா | தப்பான ரகம் வாங்கி மறுபடி அதே அடைப்பு | கம்ப்யூட்டர் பக்க கோளாறுன்னு இன்னும் பாக்கலன்னா |

## சில நிஜ சூழ்நிலைகள்

நாளைக்கு கவுன்சிலிங், இன்னைக்கு மெஷின் சொதப்புதுன்னா மெஷின தொடாதீங்க. பென் டிரைவ எடுத்துக்கிட்டு கடைக்கு போய் எடுத்துட்டு வாங்க, அவசரத்துல போடற கிளீனிங்தான் அதிகமா போகும். ரிப்பேர அடுத்த வாரம் நிதானமா பாருங்க.

லீவுக்கு ஊருக்கு போய்ட்டு வந்தப்புறம் அடைப்புன்னா மேல சொன்ன முதல் வழிதான், வீட்லயே ரெண்டு தடவை கிளீனிங், ஒரு ராத்திரி காத்திருப்பு. இது மறுபடி வராம இருக்க வாரத்துக்கு ஒரு தடவை எல்லா கலரும் வர்ற மாதிரி ஒரு பக்கம் எடுங்க, மெஷின எப்பவும் அதோட பவர் பட்டன்லயே ஆஃப் பண்ணுங்க. சுவத்து ஸ்விட்ச நேரா தட்டினா ஹெட் தன்னோட மூடிக்குள்ள போய் உக்கார நேரம் இருக்காது, நடுவழியில திறந்தே நின்னு காஞ்சு போகும். ராத்திரி எல்லா ஸ்விட்சையும் அணைக்கற பழக்கம் உள்ள வீட்ல டேங்க் மெஷின் சீக்கிரம் அடைச்சுக்கறதுக்கு இது பெரிய காரணம்.

அஞ்சாறு வருஷ பழைய டேங்க் மெஷின், ஹெட் நிரந்தரமானது, ஒரு கலர் வரவே மாட்டேங்குது, ஸ்கேனர் நல்லா இருக்குன்னா நான் அதுல இனிமே காசு போட மாட்டேன். ஸ்கேனுக்கு மட்டும் அதை வச்சுக்கிட்டு, கறுப்பு தேவைன்னா ஒரு சாதாரண லேசர், கலருக்கு கடை. அப்புறம் தூக்கி போடற நாள் வந்தா காயலான் கடைக்கு இல்ல, இ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட குடுங்க, 2022 இ-வேஸ்ட் விதிகள்ல பிரிண்டரும் காட்ரிட்ஜும் சேர்ந்துதான் இருக்கு.

புது டேங்க் மெஷின்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா கடைல ஆஃபர கேக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேளுங்க. ஹெட் தனியா என்ன விலை, நாமளே மாத்தலாமா. வேஸ்ட் இன்க்குக்கு கழட்டி மாத்தற மெயின்டனன்ஸ் பாக்ஸ் இருக்கா, இல்ல உள்ள பேட் மட்டுமா (கேனான்ல புது ஜி சீரிஸ் மாடல்கள்ல மாத்தற மாதிரி வருது). சர்வீஸ் சென்டர் உங்க ஊர்லயே இருக்கா, வீட்டுக்கு வந்து பாப்பாங்களா, இல்ல நாமதான் கொண்டு போகணுமா. மூணாவது கேள்விக்கு பதில் "கொண்டு போகணும்"னு வந்தா, முதல் ரெண்டுக்கும் நல்ல பதில் வர்ற மாடலா பாத்து எடுங்க, விலை ஆயிரம் ரூபா கூட இருந்தாலும் பரவாயில்ல.